தானாக ஓடும் ரோபோ தடுமாறும்போது: அறிகுறியைக் கொண்டு பிழை காணும் வழிமுறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் கையில், நிரல் ஏற்றிக் கருவிகளை இயக்க உதவும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகை இன்று சாதாரணமாகப் புழங்குகிறது. 2018இல் கேரளப் பள்ளிகளில் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் கணினி மன்றங்களும், 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் சேர்ந்த ரோபோட்டிக்ஸ் பகுதியும் அதற்குக் காரணம். பள்ளிக்கு வரும் கிட்டில் ஊனோவும், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் எஸ்ஜி90 சர்வோ மோட்டாரும், அகச்சிவப்புச் சென்சாரும், ஒலியெழுப்பும் பஸரும் இருக்கும். ஓடுகிற ரோபோவுக்கு வேண்டிய பிஓ மோட்டார், அதற்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் எல்298என் டிரைவர், சக்கரம், ரீசார்ஜ் செய்யும் 18650 செல் ஆகியவற்றைக் கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போய்த்தான் பெரும்பாலும் வாங்கி வருகிறோம். பொருத்தும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். அதன் பிறகு போட்டிக்கு முந்தைய நாள் வரை நீளும் வேலை, "டீச்சர், புரோகிராம் சரியாத்தான் இருக்கு, ரோபோதான் கேக்க மாட்டேங்குது" என்ற முறையீட்டைத் தீர்ப்பதுதான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் ரோபோ எளியது. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் அது, முன்னால் வரிசையாகப் பொருத்திய மூன்று அகச்சிவப்புச் சென்சார்களைக் கொண்டு கறுப்புக் கோட்டைப் பின்பற்றிச் செல்ல வேண்டும். இரண்டாவது குறுக்குக் கோட்டில் இடப்புறம் திரும்பி, அக்கோட்டின் வழியே சென்று, எதிரே உள்ள சுவருக்கு 15 செ.மீ. முன்னால் நிற்க வேண்டும். சர்வோவின் கையை இறக்கிச் சுமையை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட வேண்டும். பொத்தானை அழுத்திய பின் யாரும் அதைத் தொடக் கூடாது. ஆகவே நிரலை ஆறு படிகளாகப் பிரிக்கிறோம்: காத்திரு, கோட்டில் செல், திரும்பு, சுவரை நெருங்கு, இறக்கு, நில். நடப்பில் உள்ள படியின் எண் ஒரு மாறியில் இருக்கும். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதி ஒவ்வொரு முறை சுற்றும்போதும் சுவிட்ச் கட்டளை அந்த எண்ணைப் பார்த்து, அந்தப் படிக்குரிய வேலையை மட்டும் செய்யும். 'காத்திரு', 'நில்' தவிர ஒவ்வொரு படிக்கும் இரண்டு முடிவுகள் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சென்சார் சொல்லி முடிவது ஒன்று. சென்சார் எதுவுமே சொல்லாவிட்டால் இத்தனை மில்லிவிநாடிக்குப் பிறகு முடிவது மற்றொன்று. கீழே வரும் அறிகுறிகளில் பல, இவ்விரண்டில் ஒன்று இல்லாததாலோ, இருந்தும் தவறாக எழுதப்பட்டதாலோ வருபவை.

படி மாறும்போதெல்லாம் பஸரை 30 மில்லிவிநாடி ஒலிக்கச் செய்யும் வரிகளையும், தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் 13ஆம் பின்னின் (பலகையில் வயர் செருகும் முனைக்குப் பின் என்று பெயர்) விளக்கை மூன்று முறை சிமிட்டச் செய்யும் வரிகளையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரோபோ எந்தப் படியில் இருக்கிறது என்பதை வயர் எதுவும் இழுக்காமல் அறிய இவை போதும். கீழே பல இடங்களில் இவற்றை நம்பியே பேசுகிறேன்.

நிரல் பலகைக்குள் ஏறவே மறுக்கிறது

கேரளப் பள்ளிக் கணினிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் இருப்பதால், விண்டோஸை நினைத்துச் சொல்லப்படும் யோசனைகளில் பல இங்கே உதவுவதில்லை. யுஎஸ்பி இணைப்புக்குச் சிஎச்340 சிப் உள்ள நகல் பலகை உபுண்டு 22.04இல் ஒரு கணம் தெரிந்து மறைந்துவிடுமானால், பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அந்தச் சிப்பைத் தன்னுடைய கருவி என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அதை நீக்கினால் போர்ட் திரும்ப வந்துவிடும். ஆனால் பிரெய்ல் கருவி பயன்படுத்தும் மாணவர் அந்த ஆய்வகத்தில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு நீக்குங்கள். போர்ட் தெரிந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், பயனர் கணக்கை, போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இரண்டும் சரியாக இருந்து 'நாட் இன் சிங்க்' என்ற செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், 0, 1 ஆகிய பின்களில் புளூடூத் மாட்யூலோ வேறு வயரோ செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிரல் பலகைக்குள் ஏறுவது அவ்விரண்டு பின்களின் வழியாகத்தான். ஏற்றும் நேரத்தில் அவை காலியாக இருக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தும் முன்பே ஓடத் தொடங்குகிறது

கையைப் பலகையின் அருகே கொண்டுபோனாலே ரோபோ கிளம்புகிறது என்றால், பொத்தான் இணைந்துள்ள முனை ஹை, லோ என்ற இரண்டில் எதிலும் நிலைக்காமல் அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள். பின்மோட் கட்டளையில் வெறும் இன்புட் என்று எழுதியிருப்பீர்கள். அதை இன்புட்-புல்லப் என்று மாற்றி, பொத்தானின் மறுமுனையைக் கிரவுண்டில் (0 வோல்ட் முனையில்) இணைத்துவிட்டால் போதும். அப்போது அழுத்தாத பொத்தான் ஹை என்றும், அழுத்திய பொத்தான் லோ என்றும் படிக்கப்படும். நிபந்தனையையும் அதற்கேற்பத் திருப்பி எழுத வேண்டும்.

கிளம்புகிறது, ஒரு துள்ளு துள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது

13ஆம் பின்னின் விளக்கைக் கவனியுங்கள். துள்ளிய உடனே அது மீண்டும் மூன்று முறை சிமிட்டினால், பலகை மின்னழுத்தம் போதாமல் ரீசெட் ஆகியிருக்கிறது. நிரலில் தேடுவதற்கு எதுவும் இல்லை. இதற்கு மிகப் பெரும்பாலான காரணம், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் பொருத்தப்படும் 9 வோல்ட் சதுர பேட்டரி. மல்டிமீட்டரை வைத்தால் அது 9 வோல்ட் காட்டும்; ஆனால் இரண்டு மோட்டார்களும் சேர்ந்து கிளம்பும் கணத்தில் கேட்கும் மின்னோட்டம் அதன் சக்திக்கு மீறியது என்பதால், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. மல்டிமீட்டரை மோட்டார் ஓடும்போது வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இரண்டு 18650 செல்களை வரிசையாக இணைத்தவர்களுக்கும் இதே தொல்லை வரலாம். எல்298என் மாட்யூலில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகச் சீராக்கித் தரும் ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய அதற்கு ஏறத்தாழ 7 வோல்ட் வர வேண்டும். முழு சார்ஜில் இரண்டு செல்களும் சேர்ந்து 8.4 வோல்ட் தருமாயினும், பாதி தீர்ந்த பிறகு மோட்டார் இழுக்கும் நேரத்தில் அது 7க்குக் கீழே எளிதாக இறங்கிவிடும். அந்த ரெகுலேட்டரிலிருந்தே ஊனோவுக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் எடுத்திருந்தால், காலையில் ஓடிய ரோபோ மதியம் துள்ளத் தொடங்குவதில் வியப்பில்லை. போட்டி விதி அனுமதித்தால், ஊனோவுக்குத் தனியாக ஒரு சிறிய பவர்பேங்கை யுஎஸ்பி வழியாகக் கொடுப்பது நல்ல தீர்வு. ஆனால் சில பவர்பேங்குகள், எடுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் சற்று நேரத்தில் தாமே அணைந்துவிடும். ரோபோ தொடக்கக் கோட்டில் காத்திருக்கும்போதுதான் அது நிகழும் என்பதால், சில நிமிடங்கள் சும்மா வைத்துச் சோதித்துவிட்டே அதை நம்ப வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் ஊனோவின் கிரவுண்டும் டிரைவரின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் பலகை அவ்வப்போது ரீசெட் ஆனால், ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட சிறு செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். பிரஷ் மோட்டாரில் எழும் மின்னிரைச்சலை அது பெருமளவு அடக்கிவிடும்.

கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால் சரி, கழற்றினால் தவறு

இது இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருவது. யுஎஸ்பி வயரைக் கழற்றியதும் கெடுகிறது என்றால் அது மின்சாரக் குறைதான். மேலே சொன்னவற்றைப் பாருங்கள். ஆனால் வயரைக் கழற்றுவதோடு, இனி வேண்டாம் என்று, கணினித் திரைக்கு எழுத்துகளை அனுப்பும் சீரியல் பிரிண்ட் வரிகளையும் நீக்கிய பிறகு கெடுகிறது என்றால், உங்கள் நிரல் இதுவரை அந்த வரிகள் தந்த தாமதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 9600 வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப ஏறத்தாழ 1 மில்லிவிநாடி ஆகும். அனுப்பக் காத்திருக்கும் 64 எழுத்துக்கான இடம் நிரம்பிவிட்டால் அடுத்த எழுத்து இடம் கிடைக்கும் வரை நிரலை நிறுத்திவைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 40 எழுத்துகளை அச்சிடும் லூப், 40 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் சென்சாரைப் பார்க்கிறது. வரிகளை நீக்கியதும் அதே லூப் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை பார்க்கத் தொடங்கும்போது, அதுவரை மறைந்திருந்த தவறு வெளியே வருகிறது. அந்தத் தவறு பெரும்பாலும் குறுக்குக் கோட்டை எண்ணும் இடத்தில் இருக்கும்; அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுழல்கிறது, முனகுகிறது, அல்லது ரோபோ ஒரு பக்கம் இழுக்கிறது

பின்னோக்கிச் சுழலும் மோட்டாரின் இரண்டு வயர்களையும் டிரைவரில் இடம் மாற்றிச் செருகுங்கள். நிரலிலும் மாற்றி வயரையும் மாற்றினால் பிறகு யாருக்கும் எதுவும் புரியாது. சக்கரம் சுழலாமல் முனகினால் அனலாக்ரைட் கட்டளையில் கொடுத்த வேக எண் மிகக் குறைவு. பிஓ மோட்டார்கள் பல 80, 100 என்ற அளவுக்குக் கீழே நகர்வதில்லை, மேலும் எல்298என் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. ஒரு பக்கம் இழுப்பதற்கு நிரலில் இடது, வலது வேக எண்களைச் சரிக்கட்டும் முன், ரோபோவைத் தூக்கிப் பிடித்துச் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அச்சில் முடி சுற்றியிருப்பதும், முன்சக்கரமாக வைத்த உருண்டை சிக்கியிருப்பதும் நிரலால் தீராது.

சர்வோவைச் சேர்த்ததிலிருந்து ஒரு மோட்டார் வேகக் கட்டளையை மதிப்பதில்லை

ஊனோவில் சர்வோ நூலகம் 9, 10 ஆகிய பின்களின் பிடபிள்யுஎம் வசதியை, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை, எடுத்துக்கொள்கிறது. சர்வோவை எந்தப் பின்னில் இணைத்தாலும் இது நடக்கும். டிரைவரில் இரு மோட்டார்களின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் இஎன்ஏ, இஎன்பி முனைகளின் வயர்களை 5, 6 பின்களுக்கு மாற்றுங்கள். இதுபோலவே பஸரில் ஒலியெழுப்பும் டோன் கட்டளை 3, 11 பின்களின் அந்த வசதியைக் கெடுக்கும். மின்சாரம் கொடுத்தாலே ஒலிக்கும் ஆக்டிவ் பஸருக்கு டோன் தேவையில்லை, டிஜிட்டல்ரைட் போதும்.

வகுப்பறையில் கோட்டைப் பிடித்த ரோபோ போட்டிக் களத்தில் தவறவிடுகிறது

பாலக்காட்டு வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயிலில் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருப்பதையும், நம் சென்சார் தேடுவது அதே கதிரைத்தான் என்பதையும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். கிட்டில் வரும் சென்சார், தான் வீசிய கதிர் வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பினால் லோ என்றும், கறுப்புக் கோட்டில் உறிஞ்சப்பட்டுத் திரும்பாவிட்டால் ஹை என்றும் சொல்லும். மேற்குப் பார்த்த வராந்தாவில் மாலை வெயில் தரையில் விழும்போது, கோட்டின் மேல் இருக்கும்போதும் போதுமான கதிர் சென்சாருக்கு வந்துவிடுவதால், எல்லா இடமும் அதற்கு வெள்ளையாகத் தோன்றும். சென்சாரின் முதுகில் உள்ள சிறு விளக்கு, கோட்டின் மேலும் கோட்டுக்கு வெளியிலும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தால் இதுதான் சங்கதி. குழல்விளக்கின் கீழ் பழகிய ரோபோ, பழைய குண்டு பல்பு எரியும் அரங்கிலும் இதே போல் தடுமாறும்.

முதல் மருந்து நிழல். சென்சார்களைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் ஒரு சிறு பாவாடை கட்டித் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரம் வரை தொங்கவிடுங்கள். சென்சார் தரையிலிருந்து 1 செ.மீ. அளவில் இருக்கட்டும். அடுத்தது, சென்சாரில் உள்ள திருகைப் போட்டி நடக்கும் இடத்திலேயே சரிசெய்வது. ரோபோவைக் கோட்டின் குறுக்கே கையால் மெல்லத் தள்ளி, விளக்கு கோட்டில் அணைந்து வெளியில் எரியும் நிலையைக் கண்டுபிடித்து, அந்த நிலையின் நடுவில் திருகை நிறுத்த வேண்டும். விளிம்பில் நிறுத்தினால் மேகம் விலகும் நேரத்தில் எல்லாம் மாறிவிடும். அனலாக் வெளியீடும் உள்ள சென்சார் கிடைத்தால் இன்னும் நல்லது: பொத்தானை அழுத்தும் முன் ரோபோவைக் கோட்டின் மீது இங்குமங்கும் அசைத்து, மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் நிரலே குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வைத்துக்கொள்ளும்படி எழுதலாம்.

கோடு எதனால் போடப்பட்டது என்பதும் முக்கியம். சில கறுப்பு மார்க்கர் மைகள் கண்ணுக்குக் கறுப்பாக இருந்தாலும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதில்லை. பளபளக்கும் டேப் சில கோணங்களில் கதிரைக் கண்ணாடி போல் திருப்பிவிடும். சென்சாரின் விளக்கு கதிர் வீசுகிறதா என்ற சந்தேகம் வந்தால், ஃபோனின் முன்பக்கக் கேமராவைக் காட்டுங்கள். பல ஃபோன்களில் அது மங்கலான ஊதா ஒளியாகத் தெரியும்.

முதல் குறுக்குக் கோட்டிலேயே திரும்பிவிடுகிறது, அல்லது குறுக்குக் கோட்டைக் காணாமலே கடக்கிறது

இந்த இரண்டு எதிரெதிரான அறிகுறிகளும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நிரலை மாற்றினால் ஒன்று போய் மற்றது வரும். இன்சுலேஷன் டேப் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம். ரோபோ விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் சென்றால், சென்சார் அந்தக் கோட்டின் மேல் இருப்பது ஏறத்தாழ 67 மில்லிவிநாடி. 'மூன்று சென்சாரும் கறுப்பு என்றால் எண்ணிக்கையைக் கூட்டு' என்று மட்டும் எழுதியிருந்தால், வேகமாகச் சுற்றும் லூப் அந்த 67 மில்லிவிநாடிக்குள் பல நூறு முறை கூட்டிவிடும். எண்ணிக்கை 2 என்பது முதல் கோட்டிலேயே தாண்டிவிடும். சீரியல் பிரிண்ட் இருந்த காலத்தில் 40 மில்லிவிநாடிக்கு ஒரு முறை மட்டும் பார்த்ததால் அது சில நேரம் ஒரு முறையும் சில நேரம் இரு முறையும் கூட்டி, சில நேரம் சரியாக ஓடுவது போன்ற தோற்றத்தைத் தந்தது. மாறாக, லூப்புக்குள் நிரலைக் காக்கவைக்கும் டிலே கட்டளை 100 மில்லிவிநாடிக்கு இருந்தால், ரோபோ கண்ணை மூடிக்கொண்டு 3 செ.மீ. கடக்கிறது, 2 செ.மீ. கோடு அந்த இடைவெளியில் முழுவதுமாகத் தப்பிவிடலாம்.

எனவே லூப்பில் டிலே இருக்கக் கூடாது; எண்ணுவதும் விளிம்பைப் பார்த்தே நடக்க வேண்டும். முந்தைய சுற்றில் கோடு இல்லை, இந்தச் சுற்றில் இருக்கிறது என்னும் அந்த ஒரு மாற்றத்தில் மட்டும் கூட்டுங்கள். ஒரு முறை கூட்டிய பின் 300 மில்லிவிநாடிக்கு வேறெதையும் எண்ணாமல் விடுங்கள், 9 செ.மீ. தூரம் கடந்துவிடும் என்பதால், அடுத்த குறுக்குக் கோடு அதைவிட அருகில் இல்லாதவரை இது பாதுகாப்பானது.

இதற்குப் பிறகும் கோடு தவறுகிறதென்றால் ரோபோ வரும் சாய்வைப் பாருங்கள். இரு ஓரச் சென்சார்களுக்கும் இடையே 6 செ.மீ. இருந்து, ரோபோ 10 பாகை சாய்ந்து குறுக்குக் கோட்டை அடைந்தால், ஒரு சென்சார் மற்றதைவிட 1 செ.மீ. முந்தும், 20 பாகை சாய்ந்தால் 2 செ.மீ. முந்தும். அப்போது முந்தியது கோட்டைக் கடந்த பிறகுதான் பிந்தியது கோட்டைத் தொடும், இரண்டும் ஒரே கணத்தில் கறுப்பைப் பார்ப்பதே இல்லை. ஓரச் சென்சார் ஒவ்வொன்றும் கடைசியாகக் கறுப்பைப் பார்த்த நேரத்தைக் குறித்துவைத்து, இரு நேரங்களுக்கும் இடையே 80 மில்லிவிநாடிக்குக் குறைவாக இருந்தால் குறுக்குக் கோடு என்று கொள்வது, 'மூன்றும் ஒன்றாகக் கறுப்பு' என்ற நிபந்தனையைவிட நம்பத்தக்கது.

காலையில் 90 பாகை திரும்பியது மாலையில் 70 பாகை திரும்புகிறது

'இடப்புறம் 450 மில்லிவிநாடி சுழல்' என்று எழுதுவதைப் போல் எளிய தீர்வு வேறில்லை. அதைப் போல் ஏமாற்றுவதும் வேறில்லை. அந்த 450 என்ற எண், அன்றைய பேட்டரிக்கும் அந்தத் தரைக்கும் மட்டும் பொருந்தும். திரும்பும் பக்கத்தில் கோடு இருக்கும் களத்தில், திருப்பத்தின் முடிவைக் கோட்டிடமே விட்டுவிடுங்கள்: சுழலத் தொடங்கியதும் முதல் 250 மில்லிவிநாடிக்குச் சென்சாரைப் பார்க்க வேண்டாம், ஏனெனில் நடுச் சென்சார் இன்னும் பழைய கோட்டின் மேல்தான் இருக்கிறது, அதன் பிறகு நடுச் சென்சார் கறுப்பைக் காணும் வரை சுழலட்டும், 1500 மில்லிவிநாடியாகியும் காணாவிட்டால் நிற்கட்டும்.

கோடே இல்லாத களமாயின் சக்கரத்தோடு துளைத் தட்டைப் பொருத்தி எண்ணுவது வழக்கம். இதிலும் கணக்கு முக்கியம். 65 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 204 மி.மீ. ஓடும், 20 துளைத் தட்டில் ஒரு துளை என்பது 1 செ.மீ. நேராகச் செல்ல அது தாராளமாகப் போதும். ஆனால் சக்கரங்களுக்கிடையே 13 செ.மீ. உள்ள ரோபோ, இரு சக்கரங்களையும் எதிரெதிராகச் சுழற்றி 90 பாகை திரும்ப ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 10 செ.மீ. ஓட வேண்டும், அதாவது பத்துத் துளைகள். ஒரு துளை பிசகினால் 9 பாகை பிசகும். துளையின் இரு விளிம்புகளையும் எண்ணினால் அது பாதியாகக் குறையும். எண்ணும் வயர்களை 2, 3 பின்களில் இணைத்து, துடிப்பு வந்த கணத்தில் நிரலை இடைமறிக்கும் இன்டரப்ட் மூலம் எண்ணி, எண்ணிக்கை மாறியை வாலட்டைல் (எந்நேரமும் மாறக்கூடியது) என்று அறிவிக்க வேண்டும். அந்தச் சொல் விட்டுப்போனால், காத்திருக்கும் வளையம் எண்ணிக்கை கூடுவதையே காணாமல் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

சுவரே இல்லாத இடத்தில் சுவர் கண்டதுபோல் நின்றுவிடுகிறது

மீயொலியால் தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சாரின் எதிரொலிப் பின்னில் துடிப்பு எதுவும் வராவிட்டால், துடிப்பின் நீளத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை ஒரு முழு விநாடி காத்திருந்து 0 என்று விடை தரும். அந்த ஒரு விநாடியில் ரோபோ 30 செ.மீ. குருடாக ஓடுகிறது, பிறகு '0 என்பது 15ஐ விடக் குறைவு' என்று முடிவுசெய்து நிற்கிறது. பல்ஸ்இன்னுக்கு மூன்றாவது மதிப்பாக 12000 மைக்ரோவிநாடி கொடுத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரை பார்க்கும், அதற்கு மேல் காத்திருக்காது. விடை 0 என்றால் 'தெரியவில்லை' என்று கொள்ள வேண்டுமே தவிர 'மிக அருகில்' என்று கொள்ளக் கூடாது. மூன்று முறை தொடர்ந்து 15க்குக் குறைவாக வந்தால் மட்டும் நிற்கும்படி எழுதுவது இன்னும் பத்திரம். ஜம்பர் வயர் தளர்ந்திருந்தாலும் இதே 0 வரும் என்பதால், நிரலைத் திருத்தும் முன் நான்கு வயர்களையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

உடனே பொத்தானை அழுத்தினால் சரி, நடுவர் காக்க வைத்தால் படிகளைத் தாண்டி ஓடுகிறது

இந்த அறிகுறி மிக அபூர்வமாகத்தான் பள்ளியில் தெரியும், ஏனெனில் பள்ளியில் யாரும் காத்திருப்பதில்லை. சுவிட்சைப் போட்ட கையோடு பொத்தானை அழுத்திவிடுவோம். போட்டியில் ரோபோவை வைத்து, பெயரைக் கேட்டு, எழுதிக்கொண்டு நடுவர் கொடி காட்டுவதற்குள் அரை நிமிடம் கடந்துவிடும். பொத்தானை அழுத்தியதும் பஸர் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று ஒலித்து, படிகள் அனைத்தும் கணத்தில் முடிந்து, ரோபோ இருந்த இடத்திலேயே சுமையை இறக்கிவைத்துவிட்டு நிற்கும்.

படி தொடங்கிய நேரத்தை, சிறிய முழு எண்களுக்கான இன்ட் வகை மாறியில் சேமித்ததுதான் காரணம். ஊனோவில் இன்ட் வகை 32767 வரைதான் தாங்கும். சுவிட்சைப் போட்டதிலிருந்து கடந்த மில்லிவிநாடிகளைச் சொல்லும் மில்லிஸ் கட்டளை தருவதோ மிகப் பெரிய எண்களைத் தாங்கும் அன்சைன்டு லாங் வகை. சுவிட்சைப் போட்ட 32.767 விநாடிக்குப் பிறகு மில்லிஸின் மதிப்பு இன்ட்டுக்குள் அடங்காமல் சிதைகிறது. உதாரணமாக 40000 என்பது -25536 என்று சேமிக்கப்படுகிறது. 'இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழி' என்றால் 0 வர வேண்டிய இடத்தில் 65536 வருகிறது. எந்தப் படியின் நேர வரம்பும் அதைவிடக் குறைவு என்பதால், ஒவ்வொரு படியும் தொடங்கிய கணத்திலேயே நேரம் தீர்ந்ததாக எண்ணி அடுத்ததற்குத் தாவுகிறது. நேரத்தைத் தொடும் மாறிகள் அனைத்தையும் அன்சைன்டு லாங் என்று மாற்றுங்கள். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.

இதன் உறவுக்காரத் தவறு ஒன்று உண்டு. ஒரு நிமிடம் காத்திருக்க, டிலேக்குள் 60 * 1000 என்று எழுதினால், பெருக்கல் இன்ட் வகையிலேயே நடந்து -5536 ஆகி, டிலே அதை மிகப் பெரிய எண்ணாகப் படித்து 49 நாளுக்கு மேல் காத்திருக்கும். 60000யுஎல் என்று நேராக எழுதிவிட்டால் தீர்ந்தது.

மின்சாரம் கொடுத்ததுமே சுமை விழுகிறது, அல்லது ஒரு படியோடு அடுத்த படியும் சேர்ந்து நடக்கிறது

சர்வோவை நிரலோடு இணைக்கும் அட்டாச் கட்டளையைக் கொடுத்த கணத்தில், வேறு கோணம் எதுவும் சொல்லப்படாவிட்டால், அது நடுநிலைக்கு வந்து நிற்கும். சுமையைத் தாங்கும் கோணத்தை ரைட் கட்டளையால் முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு அட்டாச் செய்யுங்கள். வரிசை மாறினால் சுமை தொடக்கக் கோட்டிலேயே விழும். பொத்தானை அழுத்திய பிறகு, இடையில் ஏதோ ஒரு படியில் சுமை விழுகிறதென்றால், சுவிட்ச் கட்டளையில் அந்தப் படிக்குரிய பகுதியின் (கேஸ்) கடைசியில், அங்கேயே நிறுத்தச் சொல்லும் பிரேக் என்ற கட்டளை இல்லை. ஒரு கேஸின் வரிகள் முடிந்ததும் நிரல் அடுத்த கேஸுக்குள் வழிந்துவிடுகிறது. இஃப் வரியின் முடிவில் தவறி இட்ட அரைப்புள்ளியும், இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி இட்டதும் இதே குழப்பத்தைத் தரும். ஆர்டுயினோ மென்பொருளின் விருப்பங்கள் பகுதியில் கம்பைலர் எச்சரிக்கைகளை 'அனைத்தும்' என்று வைத்தால் இத்தகைய தவறுகளில் பலவற்றை அதுவே சுட்டிக்காட்டும். அதை முதல் நாளே செய்துவைக்கச் சொன்னால் பிள்ளைகள் சிவப்பு எழுத்துகளைக் கண்டு அஞ்சுகிறார்கள். இருந்தாலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

சுமையை இறக்கிய பிறகும் நிற்பதில்லை

இறக்கும் படி முடிந்ததும் படியின் எண்ணை 'நில்' என்பதற்கு மாற்றாமல் விட்டால், லூப் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருப்பதால் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். எண்ணைத் தவறாகத் தொடக்கத்துக்கே மாற்றியிருந்தால், பொத்தானில் கை பட்டதும் மறுபடி கிளம்பிவிடும். 'நில்' என்ற படியிலிருந்து வேறெந்தப் படிக்கும் வழி இருக்கக் கூடாது. அதில் இஎன்ஏ, இஎன்பி இரண்டுக்கும் அனலாக்ரைட் 0 எழுதினால் போதும். அப்படி எழுதியும் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால், டிரைவரில் இஎன்ஏ அல்லது இஎன்பி முனையில் வரும்போதே மாட்டியிருக்கும் சிறு ஜம்பர் தொப்பியைக் கழற்ற மறந்திருப்பீர்கள். அது இருக்கும்வரை அந்த முனை எப்போதும் 5 வோல்ட்டில் இருக்கும். முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தத் தொப்பியைக் கழற்றி, ஊனோவின் பின்னிலிருந்து வரும் வயரைப் பலகையின் உட்புறமுள்ள 5 வோல்ட் ஊசியில் அல்லாமல் அந்த இஎன்ஏ அல்லது இஎன்பி ஊசியில் செருகுங்கள்.